'அகற்றுங்கள்' என்று எழுதினால் லாரிதான் வரும்

காலை ஆறு மணிக்கு போன் அடித்தால் யார் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனைக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். "மேடம், உங்க ஆளுங்க மறுபடியும் வந்து படுத்துட்டாங்க. ஷட்டரைத் தூக்க முடியலைங்க. நேத்து ராத்திரி படியிலயே ஒன்னுக்கு இருந்துட்டுப் போயிருக்காங்க. தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் நான் சாமி கும்புடணும்."

மேற்கு மாவட்டம் ஒன்றில், மாநகராட்சி கொடுத்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த வீடற்றோர் காப்பகத்தில் ஆறு வருஷம் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. இதில் வருகிற பலர், அதிகாரிகள் உட்பட, இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஆறு வருஷத்தில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர்கள் புகார் சொல்ல போன் செய்தவர்கள்தான். அவர்களை நான் முதலில் எதிரிகளாகப் பார்த்தேன். "ஏழைங்கன்னா இவங்களுக்கு ஆகாது" என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரரின் படியை ஒருநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அது தப்பு என்று புரிந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மிகையில்லை. நாற்றம் அடித்தது. அந்தப் படி வழியாகத்தான் அவர் வயிறு வளர்க்கிறார்.

சரி, அங்கே படுப்பது யார்? "உங்க ஆளுங்க" என்று அவர் சொல்கிறார். மாநகராட்சி "ஆக்கிரமிப்பாளர்கள்" என்கிறது. போலீஸ் "பிச்சைக்காரங்க" என்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு நோட்டும் டார்ச்சுமாக நானும் எங்கள் இரவுக் காவலர் அண்ணனும் கடைக்கு எதிரே இருக்கும் மருத்துவமனைச் சுவர் ஓரமாகவே நடந்தோம். பதினான்கு பேர் படுத்திருந்தார்கள். எழுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேட்டோம்.

அதில் ஐந்து பேர் உள்ளே அட்மிட் ஆகியிருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள். வார்டுக்குள் ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் தங்கலாம். மற்றவர்கள் வெளியே. இரண்டு பேர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள். மூன்று மணிக்கு லோடு வந்துவிடும், அதுவரை கண்ணயர ஒரு இடம் வேண்டும். இருவருக்கும் ஊரில் வீடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை போய்வருவார்கள். ஒரு பையன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டுக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன். ஒருவர் நிறையக் குடித்திருந்தார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆக ஒன்பது பேர் போயிற்று. மிச்சம் ஐந்து. சர்க்கரையால் கால்விரல் எடுத்து, டிஸ்சார்ஜ் ஆகி, போக இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்ட ஒருவர். கணவன் மனைவி இருவர். ஒரு பாட்டி. யாரிடமும் பேசாத ஒரு மனிதர்.

வீடே இல்லாதவர்கள் என்று சொன்னால் அந்த ஐந்து பேர்தான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தத் தெருவிலும் முதல் வேலை இரவில் போய் எண்ணுவது. பகலில் எண்ணினால் வேறு ஆட்கள் இருப்பார்கள், படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். எண்ணும்போது பெயரைக் கேட்பதற்கு முன்னால் "காலையில எங்க போவீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். உள்நோயாளியின் சொந்தக்காரருக்கு வேண்டியது மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு கூரை. சென்னையில் மாநகராட்சி, பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களில் உடனிருப்போருக்கென்றே காப்பகங்கள் கட்டியிருக்கிறது. அந்த முன்மாதிரியைக் காட்டித்தான் எங்கள் ஊரில் மருத்துவமனை நிர்வாகத்திடம் பேசினோம். புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தை இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதில் பாதியைத் திறந்துவிடச் சம்மதிக்க வைக்க நான்கு மாதம் ஆனது. அந்த ஒரு சாவியில், சுவர் ஓரத்தில் படுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விட்டார்கள். காப்பகம் தேவைப்படவில்லை, லாரியும் தேவைப்படவில்லை.

அந்த லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்புக்கு எட்டு மாதம் முன்னால் நடந்தது. வியாபாரிகள் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருந்தார்கள். "மருத்துவமனைச் சுவரை ஒட்டிய நடைபாதையை ஆக்கிரமித்துள்ளவர்களை உடனடியாக அகற்றித் தருமாறு" என்று எழுதியிருந்தது. ஒரு வாரத்தில், காலை ஐந்தரை மணிக்கு டிப்பர் லாரி வந்தது. மேஸ்திரி, ஆறு தூய்மைப் பணியாளர்கள், இரண்டு போலீஸ்காரர்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. "எந்திரிங்க, எந்திரிங்க" என்று சத்தம் போட்டார்கள், படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள், அங்கே கிடந்ததெல்லாம் லாரியில் ஏறியது. பாய், போர்வை, அடுப்பு, சாக்கு. பாட்டி அப்போது மருத்துவமனைக் குழாயில் முகம் கழுவப் போயிருந்தார். திரும்பி வந்தபோது இடம் சுத்தமாக இருந்தது.

எனக்குத் தகவல் வந்து நான் போனபோது பாட்டி லாரி போன திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "என்ற பை கண்ணு. பச்சைக் கட்டப்பை. அதுல ஊட்டுக்காரர் செத்த சர்டிபிகேட் இருக்குது."

என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு குப்பை மாற்றும் இடத்துக்குப் போனோம். இரண்டு மணி நேரம் கிளறினோம். தூய்மைப் பணியாளர் ஒரு அக்கா கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையால் தேடினார். பை கிடைத்தது. ஆனால் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு புடவை, மருத்துவமனையின் ஓபி சீட்டு, பாதி நனைந்த பேங்க் பாஸ்புக். ரேஷன் கார்டும் ஆதாரும் கணவரின் இறப்புச் சான்றிதழும் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் கிடைக்கவேயில்லை. அந்தத் தாள்களைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தோம். அந்த ஐந்து மாதமும் அவருக்கு ரேஷன் அரிசி இல்லை. முதியோர் உதவித்தொகை வங்கிக்கு வந்துகொண்டிருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. நகரத்தைச் சுத்தமாக்கிய அந்தக் காலை, ஒரு மனுஷியை அரசாங்கத்தின் கணக்கிலிருந்தே துடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சிலர் அடுத்த தெருவுக்குப் போனார்கள், புகார் அங்கிருந்து வரத் தொடங்கியது.

அந்த மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். புகாருக்கு ஒரு எண், அதற்கு ஒரு கெடு, முடித்ததற்கு அத்தாட்சியாகப் போட்டோ. "காலியா இருக்கிற பிளாட்பாரத்தை போட்டோ எடுத்துப் போட்டாத்தான் மேடம் இது என் தலையை விட்டு இறங்கும். 'அகற்று'ன்னு எழுதியிருக்கு. நான் கக்கூஸ் கட்டிக் குடுத்து போட்டோ போட்டா, 'ஆளு இன்னும் அங்கதான் இருக்காங்க'ன்னு மறுபடி புகார் வரும்."

என் வேலையின் போக்கையே மாற்றியது இந்த ஒரு பேச்சுதான். மனுவில் என்ன எழுதுகிறோமோ அதற்குத்தான் மாநகராட்சியில் ஆள் இருக்கிறது. 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் பொறியியல் பிரிவும் லாரியும் வரும். 'தொல்லை' என்று எழுதினால் காவல் நிலையத்துக்குப் போகும். 'சிறுநீர் நாற்றம், இரவில் கழிப்பிடம் பூட்டியிருக்கிறது' என்று எழுதினால் சுகாதார ஆய்வாளர் வந்தாக வேண்டும். நடந்தது ஒன்றுதான், எழுதிய வார்த்தையைப் பொறுத்து மூன்று விதமான ஆட்கள் வருகிறார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, உங்களுக்கு உண்மையில என்ன வேணும்?" என்று கேட்டேன். யோசித்தார். காலையில் படி சுத்தமாக இருக்க வேண்டும், ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்க இடம் வேண்டும், ராத்திரி அங்கே விளக்கு எரிய வேண்டும். மூன்றே விஷயம். அவர் கையெழுத்துப் போட்ட மனுவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பேருந்து நிலையத்தின் மருத்துவமனைப் பக்கக் கட்டணக் கழிப்பிடம் இரவு பத்து மணிக்கு மூடிவிடும். குத்தகை எடுத்தவருக்கு இரவில் ஆள் போட்டால் கட்டுப்படியாகாது. பத்து மணிக்கு மேல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெண் ஒதுங்க வேண்டுமென்றால் மருத்துவமனைக்குப் பின்னால் முள்காடுதான். பாட்டி மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே குடிக்கமாட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. புது மனு எழுதினோம். கடைக்காரர்கள் பதினொரு பேர், எங்கள் காப்பகம், மருத்துவமனை வாசலில் பூ விற்கும் அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள், எல்லாரும் கையெழுத்து. கழிப்பிடத்தை இரவு முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், அடுத்த குத்தகை நிபந்தனையில் அதைச் சேர்க்க வேண்டும், எரியாத இரண்டு தெருவிளக்கை மாற்ற வேண்டும். ஒரு பிரதி சுகாதார அலுவலருக்கு, ஒன்று உதவிப் பொறியாளருக்கு, ஒன்று கவுன்சிலருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒன்று. விளக்கு பத்து நாளில் எரிந்தது. கழிப்பிடத்துக்கு ஏழு மாதமும் மூன்று ஆட்சேபமும் ஆனது. திறந்த பிறகு, ஆறு மணி போன் வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தது.

கடைக்காரர்கள் கையெழுத்து இல்லாமல் நாங்கள் மட்டும் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. தொண்டு நிறுவனம் கேட்டால் தர்மம் மாதிரித் தெரியும். வரி கட்டுகிறவர் கேட்டால் கோரிக்கையாகத் தெரியும். இதற்காக வருத்தப்படலாம், ஆனால் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் பாட்டிக்கு உதவும்.

என் பையில் எப்போதும் இரண்டு தாள் இருக்கும். ஒன்று, 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009 டிசம்பர் குளிரில் டெல்லியில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டதில் தொடங்கிய விஷயம் அது. உணவு உரிமை வழக்கின் பகுதியாக விசாரிக்கப்பட்டு, நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் வருஷம் முழுக்க, இருபத்துநான்கு மணி நேரமும் என்று உத்தரவானது. இன்னொன்று, 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பக விதிமுறைகள். ஆளுக்கு 50 சதுர அடி. அதாவது ஐந்துக்குப் பத்து. ஒரு பாய், தலைமாட்டில் ஒரு பெட்டி, பக்கத்தில் கால் வைக்க இடம். காப்பகம், வீடற்றவர்கள் கூடும் இடத்துக்கும் வேலை கிடைக்கும் இடத்துக்கும் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த இரண்டு தாளையும் மேசையில் வைத்தால் கூட்டத்தில் பேச்சின் தொனி மாறும். "எதுக்கு இவங்களுக்கெல்லாம் காப்பகம்" என்ற கேள்வி, "எங்கே வைக்கலாம்" என்று மாறிவிடும்.

யாராவது "கோர்ட்டே நடைபாதையில இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்பார்கள். பாதி உண்மை. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில்தான், உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றும் சொன்னது. வெளியேற்றத்தையும் அந்த வருஷ மழைக்காலம் கழியும்வரை தள்ளிவைத்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நீதிபதிகளுக்கு மழை ஞாபகம் இருந்தது. ஐப்பசியில் லாரி அனுப்ப நினைக்கிற யாரிடமும் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

"காப்பகம்தான் இருக்கே, ஏன் வரமாட்டேங்கிறாங்க?" இதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் அதே எரிச்சலில்தான் இருந்தேன். நாற்பது பேருக்கு இடம் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேரோடு இரவைக் கழித்த நாட்கள் உண்டு. பதில் அவர்களிடமே இருந்தது. எங்கள் காப்பகம் ஆண்களுக்கானது. அந்தக் கணவன் மனைவியில் கணவரை மட்டும் கூப்பிட்டால் வருவாரா? மனைவியை எங்கே விட்டுவிட்டு வருவது? மூட்டை தூக்குபவர்களுக்கு எங்கள் கேட்டில் ஒன்பது மணிப் பூட்டு. இரண்டரைக்கு எழுந்து போக முடியாது. விரல் எடுத்தவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட வேண்டும், மருத்துவமனையிலிருந்து எங்கள் இடம் மூன்று கிலோமீட்டர், காலால் நடக்க முடியாது. இன்னொருவர் நேரடியாகச் சொன்னார்: "மேடம், அங்க மூட்டைப்பூச்சி. இங்க கொசுதான்."

பாட்டிக்குப் பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைத்தது. நகரின் மறுகோடியில். போய் ஆறு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஏம்பாட்டி?" என்றேன். அவர் கையைக் காட்டினார். இங்கே ஆஸ்பத்திரி, பிரஷர் மாத்திரை இங்கேதான். அங்கே அம்மா உணவகம், ஒரு ரூபாய்க்கு இட்லி. அந்த முக்கில் கோயில், மதியம் அன்னதானம். பேங்க் அதோ. பூக்கார அக்கா ராத்திரி கிளம்பும் முன்னால் மிச்சப் பூவைத் தொடுக்கக் கொடுப்பார், அதில் தினம் இருபது முப்பது ரூபாய். சுவர் ஓரம் அவருக்குப் படுக்க மட்டும்தான். அவர் வாழ்ந்தது அந்த அரை கிலோமீட்டர் முழுவதிலும். அதிலிருந்து பிடுங்கி ஒரு கட்டிலைக் கொடுத்தோம். சென்னையில் நடைபாதைக் குடும்பங்களை ஊர் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய பிறகு சிலர் பழைய தெருவுக்கே ஏன் திரும்பி வருகிறார்கள் என்பது எனக்கு அந்த நாள்தான் விளங்கியது.

இதையெல்லாம் கேட்ட பிறகு காப்பகத்தில் மாற்றங்கள் செய்தோம். கேட்டில் இரவு ஆள் போட்டு, மார்க்கெட் வேலைக்காரர்களுக்கு மட்டும் எந்நேரமும் போய்வர அட்டை கொடுத்தோம். பூட்டுப் போடும் இரும்புப் பெட்டி ஆளுக்கு ஒன்று. இந்தப் பெட்டிதான் மற்ற எதையும் விட அதிகம் பேரைக் கூட்டி வந்தது. தெருவில் படுப்பவரின் பெரிய பயம் திருட்டு, ஒரு போனும் நான்கு தாளும்தான் சொத்து. பூச்சிக்கு மெத்தைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாய்க்கு மாறினோம். இதில் எதற்கும் பெரிய பணம் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது, அதுதான் நாளை இழுத்தது.

எங்கள் காப்பகத்தின் மேலேயே புகார் வந்தது தனிக் கதை. தெருக்காரர்கள் குடியிருப்போர் நலச்சங்கம் மூலம் காப்பகத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் ஒன்றரை மணி நேரம் பேசாமல் கேட்டேன், நோட்டில் எழுதினேன். வீட்டு விலை இறங்கிவிடும், பெண்பிள்ளைகள் நடமாட முடியவில்லை, குடி, சண்டை. பொதுப்படையாகப் பேசும்போது எல்லாம் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் எதிர்வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சர் ஒருவர் எழுந்து, "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பொண்ணுங்க டியூஷனுக்கு வருவாங்க. அப்பதான் இவங்க தெருக்குழாயில ஜட்டியோட குளிக்கிறாங்க. எனக்கு அது ஒண்ணுதான்" என்றார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். நாற்பது பேருக்கு எங்களிடம் இரண்டு குழாய்தான் இருந்தது. வேலை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், வரிசையில் நிற்கச் சலித்துத் தெருக்குழாய்க்குப் போவார்கள். பின்பக்கச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு தொட்டி, ஆறு குழாய், தகரத் தடுப்பு. இருபது நாளில் முடிந்தது. கேட்டில் என் போன் நம்பரையும் இரவுக் காவலரின் நம்பரையும் பெரிதாக எழுதி வைத்தோம். புகார் சொல்ல மாநகராட்சிவரை போக வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் யாராவது போய் நிற்க வேண்டும் என்பது விதி. முதல் மாதம் நிறையக் கூப்பிட்டார்கள், வேண்டுமென்றே சோதித்தவர்களும் உண்டு. அப்புறம் குறைந்துவிட்டது. சங்கத் தலைவர் மட்டும் கடைசிவரை மாறவில்லை. நான் வேலையை விட்டு வந்த நாள்கூட "காப்பகம் எப்ப மாறுது?" என்றுதான் கேட்டார். எல்லாரையும் மாற்றிவிட முடியாது. ஒரு காப்பகம் நடக்க எல்லாரும் மாறவும் வேண்டியதில்லை.

யாரிடமும் பேசாத அந்த மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக மோசமான தவறுகள் இவர்கள் விஷயத்தில்தான் நடக்கின்றன. தாடி, கிழிந்த கோட்டு, வெயிலிலும் கழற்றமாட்டார். புகார் அதிகம் வந்ததும் அவர் மேல்தான். யாரையும் தொட்டதுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி அடுத்த மாவட்ட எல்லையில் இறக்கிவிடுகிற வழக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். தெலுங்கோ ஒடியாவோ பேசுகிற ஒருவரை அப்படி இறக்கிவிட்டால், அவரைத் தேடி வருகிற குடும்பத்துக்குக் கிடைத்த கடைசித் தடயமும் போய்விடுகிறது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. இப்படி அலைபவரைக் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால், காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். ஸ்டேஷனில் இதைச் சொன்னபோது அந்த எஸ்.ஐ. கோபப்படவில்லை. "இப்படி ஒண்ணு இருக்கறது எனக்கு இப்பத்தான் மேடம் தெரியும்" என்று தாளை வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் மருத்துவமனையில் மூன்றாம் வாரம் ஒரு ரயில் நிலையத்தின் பெயரைச் சொன்னார். ஆந்திராவில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து அவருடைய தம்பி வந்தார். ஒன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வார்டு வாசலில் நின்று கண்ணாடி வழியாகவே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம்தான் உள்ளே போனார்.

எனவே உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் "கூட்டிட்டுப் போங்க" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எங்கே கொண்டு போகிறீர்கள், எந்த மருத்துவமனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதியவர் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக, கவுன்சிலர். நல்ல மனுஷி. என்னை உட்கார வைத்து டீ கொடுத்து, ஒளிக்காமல் சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் சரிதான் கண்ணு. புகார் குடுக்கறவங்களுக்கு இந்த வார்டுல ஓட்டு இருக்குது. படுத்திருக்கறவங்களுக்கு இல்லையே."

அதற்கு மேல் அவரிடம் வாதாட ஒன்றுமில்லை. வாக்காளர் பட்டியலில் வீடற்றவர்களைச் சேர்க்கத் தேர்தல் ஆணையத்தின் விதியிலேயே வழி இருக்கிறது. படிவம் 6இல் அவர் தூங்கும் இடத்தை முகவரியாக எழுத வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒரு இரவுக்கு மேல், வந்து பார்த்து அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதி செய்தால் போதும், முகவரிக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அடுத்த முகாமிலேயே ஆரம்பித்தோம். பாட்டி, விரல் எடுத்தவர், அந்தக் கணவன் மனைவி, பக்கத்துத் தெருவிலிருந்து ஐந்து பேர்.

எங்கள் பகுதிக்கு அலுவலராக இருந்தவர் ஓர் அங்கன்வாடி டீச்சர். ராத்திரி பதினோரு மணிக்குத் தன் கணவரை வண்டி ஓட்டச் சொல்லி வந்தார். பாட்டியை எழுப்பினார், படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். பாட்டி அதே இடத்தில் இருந்தார். எழுதுகிற இடத்தில்தான் சிக்கல். மருத்துவமனைச் சுவருக்குக் கதவு எண் கிடையாது. எதிரே உள்ள ஏதாவது ஒரு கட்டடத்தின் எண்ணைச் சொல்லி "எதிரில்" என்று எழுதலாம் என்றார் டீச்சர்.

காலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். ஒன்பது பேருடைய தாள்களையும் நகல் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார். பிறகு கடை எண்ணைத் தன் கையாலேயே எழுதினார்.

"எழுதிக்கோங்க மேடம். ஆனா ஷட்டருக்கு முன்னாடி படுக்கக் கூடாது. அதைப் பாட்டிகிட்ட நீங்களே சொல்லிருங்க."